தகர மேளம்

சோறு பொங்குமுன் கணிப்பங்கைப் பிரித்துக்கொள்வதுதான் அந்தக் காலத்துக் குடும்ப வழக்கம். கணினி ஓடும் திறனை வீட்டுக்கு இவ்வளவு என்று அரசு அளந்துவிட்ட பிறகு, அதற்காக அடித்துக்கொள்ளாத வீடே இல்லை. மாசிலாமணி வீட்டில் மட்டும் சண்டை தலைகீழ். "நீ எடுத்துக்கோ" என்றுதான் கணவனும் மனைவியும் மல்லுக்கு நிற்பார்கள். ஜெயிப்பது எப்போதும் தெய்வானைதான்.

மாசிலாமணி கல்யாண வீடுகளில் மென்பொருள் ஒலியாக்கியால் நாதஸ்வரமும் தவிலும் வாசிப்பவர். தொண்டைப் புற்று குரலைக் கொண்டுபோனபின், தெய்வானை பேசுவதும் கழுத்துப்பட்டை ஒலியாக்கியால்தான். பங்கு தாராளமாக இருந்தால் பழைய குரல் மூச்சோடு வரும். இல்லாவிட்டால் தகரக் குரல். ழகரம் கூட வராது. பாவம், அவள் தமிழ் டீச்சராக இருந்தவள். தொழிலுக்கு வேண்டுமென்று பங்கையெல்லாம் அவருக்கே தள்ளிவிட, பெற்ற மகளே அம்மாவின் குரலைக் கேட்டு வருஷக்கணக்காயிற்று.

இன்று அந்த மகள் எழிலுக்கு வீட்டு வாசலிலேயே கல்யாணம். மேளமும் குரலும் ஒருசேர முழுத்தரத்தில் ஓடப் பங்கு போதாது.

"ஏனுங்க, ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் வாசிச்சுட்டு, நம்ம எளிலுக்குத் தகரமா தட்டுவீங்களா? பூராத்தையும் நீங்களே வெச்சுக்கோங்க" என்றாள் தெய்வானை.

"எளிலா? டீச்சருக்கு மார்க்கு போச்சு."

அவள் சிரித்தாள். சிரிப்பும் தகரமாகவே வந்தது.

முகூர்த்தம் நெருங்கியது. ஐயர் விரலை ஆட்டி, "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்றார். தாலி ஏறும்போது தும்மலோ கெட்ட சொல்லோ யார் காதிலும் விழக்கூடாது என்றுதானே கெட்டிமேளம்? மாசிலாமணி திரையைத் தொட்டு, மேளத்தின் பங்கை அடியோடு உருவி மனைவியின் கழுத்துப்பட்டைக்குத் தள்ளிவிட்டார்.

தவில் டால்டா டப்பாவாக ஒலித்தது. "பேர்தான் பெரிய பேரு" என்று மாப்பிள்ளை வீட்டில் யாரோ முணுமுணுத்தது தெளிவாகக் கேட்டது. அவருக்குக் காது மடல் சுட்டது.

மேளச் சத்தத்தில் தன் தகரக் குரல் யாருக்குக் கேட்கப்போகிறது என்ற நினைப்பில், தாலியிலேயே கண்ணாக இருந்த தெய்வானை அட்சதையைத் தூவிக்கொண்டே, "எழிலு, நல்லா இரு கண்ணு" என்றாள்.

மூச்சும் ழகரமுமாக அந்தக் குரல் பந்தல் முழுக்கக் கேட்டது. தெய்வானை திகைத்துக் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். தலை குனிந்திருந்த எழில் நிமிர்ந்தாள், கண் நிறைந்துவிட்டது.

"அம்மா, இன்னொருக்காச் சொல்லும்மா."

தெய்வானை சொன்னாள். மாசிலாமணி டப்பாவைத் தட்டிக்கொண்டே இருந்தார்.