ஒரு சாண் மரம்

வாசற்படியில் உட்கார்ந்த அம்மாவால் எழுந்திருக்க முடியவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "எலி, கை குடுடி," என்றாள்.

எலி நான்தான். எந்நேரமும் கத்தியும் கையுமாக மரத்தைச் சுரண்டிக்கொண்டிருப்பதால் அம்மா வைத்த பெயர்.

அம்மாவுக்குக் குழாய் பதிக்கப் பள்ளம் வெட்டும் வேலை. போன வாரம் மண்வெட்டியின் காம்பு முறிந்துபோனது. மரக்கடையில் வாங்கிக் கதவுக்குப் பின்னால் வைத்திருந்த புதுக் கம்பை மாட்டிக்கொண்டு போனாள்.

"இந்தக் காம்பு குட்டைடி. நாள் பூரா முதுகை ஒடிச்சு வெட்ட வேண்டியிருக்கு. மரக்கடைக்காரர் ஏமாத்திட்டாரு. நாளைக்குப் போய் நாலு கேள்வி கேக்கப் போறேன்."



அந்தக் கம்பில் ஒரு சாண் அறுத்தது நான். நன்றாகக் காய்ந்த மரம். கத்திக்கு அப்படி இணங்கியது. நாய், பூனை, ஆந்தை, ஆமை என்று நான்கு பொம்மைகள் செதுக்கியிருந்தேன்.

நான்கையும் கொண்டுவந்து அம்மாவின் முன்னால் ஒன்றையொன்று ஒட்டி வரிசையாகப் படுக்கவைத்தேன்.

"என்னடி, எல்லாம் தூங்குதா?"

"அளந்து பாரும்மா."

அம்மா கையை விரித்து வைத்தாள். ஒரு சாணுக்கு ஒரு விரல் குறைந்தது. அந்த ஒரு விரல் சீவலாகக் குப்பைக்குப் போயிருந்தது.

அம்மா நாயைப் பார்த்தாள். மண்வெட்டியைப் பார்த்தாள்.

"கடைக்காரர் மேல தப்பில்லம்மா. நான்தான் அறுத்தேன். விறகுன்னு நெனச்சேன்."

"கதவுக்குப் பின்னால யாருடி விறகு வைப்பாங்க?"

அது விறகு அல்ல என்று அறுக்கும்போதே எனக்குத் தெரியும்.

அடிப்பாள் என்று நினைத்தேன். அம்மா சிரிக்கப் பார்த்தாள். இடுப்பு விடவில்லை.

"ஒரு சாண் வயித்துக்குத்தான் இவ்வளவு பாடுன்னு நெனச்சேன். இப்ப இது வேற ஒரு சாணா?"

மறுநாள் பள்ளிக்கூடம் போகும் முன் மரக்கடைக்குப் போனேன். பொம்மைகளை மேசைமேல் வைத்தேன்.

"இதுக்குப் பதிலா ஒரு மண்வெட்டிக் காம்பு குடுங்கண்ணே."

"நாய் குரைக்குமா?"

"குரைக்காது. சோறும் கேக்காது."

அவர் நாயை மட்டும் எடுத்துக்கொண்டார். நான்கில் நல்லது அதுதான்.

"பச்சைக் கம்புதான் இருக்கு. நிழல்ல காயணும், மூணு மாசம் ஆகும். அவசரப்பட்டு மாட்டினா வெடிச்சிடும்."

என்னைவிட நீளமான கம்பைத் தோளில் தூக்கிவந்து கதவுக்குப் பின்னால் சாய்த்தேன். கரித்துண்டால் அதில் எழுதினேன்: 'அம்மாவுடையது. எலி தொடக்கூடாது.'

சாயங்காலம் அம்மா அதைப் படித்தாள். கம்பைத் தடவிப் பார்த்தாள்.

"நல்ல மரம்தான். இன்னும் ஈரமா இருக்கு," என்று சொல்லிவிட்டு, இடுப்பைப் பிடித்தபடி மெல்ல உட்கார்ந்தாள். குட்டைக் காம்பு போட்ட மண்வெட்டி பக்கத்தில் கிடந்தது.

நான் அவள் முதுகை அமுக்கிவிட்டேன். கம்பு காய மூன்று மாதம். அதுவரை அம்மாவுக்கு நான் ஒரு சாண் மரம் பாக்கி.