கோணியில் இருந்த இறக்கைகள்

கூப்பிட்ட குரலுக்கு ஒரு கோழிகூட வரவில்லை. "பா... பா... பா..." என்று தவிட்டுச் சட்டியைத் தட்டிப் பார்த்தாள் மணிமொழி. தினமும் காலைச் சுற்றிக்கொண்டு மிதிபடுகிற கோழிகள், அன்று பொழுது சாய்கிற நேரத்தில், வேலியோரம் தலையைத் தொங்கப் போட்டு, கண்ணை மூடி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. சேவலின் கொண்டை கருநீலமாகிக் கிடந்தது. தொட்டுப் பார்த்தாள். உடம்பு கொதித்தது.

கீழ்பென்னாத்தூர் ஏரிக்கரையில் அவளுடையதுதான் கடைசி வீடு. மார்கழி பிறந்தால் எங்கெங்கிருந்தோ காட்டு வாத்துகள் கூட்டங்கூட்டமாக வந்து ஏரியில் இறங்கும். அவற்றின் சளசளப்பு சமையற்கட்டுவரை கேட்கும். இந்த வருஷமும் வந்தன. ஆனால் சத்தம் நாளுக்கு நாள் தேய்ந்து அடங்கிப்போனதை இப்போதுதான் உணர்ந்தாள். காற்றில் பாசி வாடை வந்தது. அதற்கு அடியில், தித்திப்பாக, குமட்டுகிற மாதிரி வேறொரு வாடை.

உள்ளே ஏழு வயது மகள் பூஜா இருமினாள். காலையிலிருந்து காய்ச்சல்.

வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த புருஷனிடம் கேட்டாள். "இன்னாங்க, கோழிங்களப் பாத்தீங்களா?"

"பனி ஒத்துக்கல," என்றான் குமரேசன், திரும்பாமலே.

வாடையைத் தேடிப் போனாள். குளியலறைக்குப் பின்னால் ஒரு கோணி. வாயைப் பிரித்தாள். இறக்கைகள். வெட்டிப்போட்ட சாம்பல் நிற இறக்கைகள், ஒவ்வொன்றிலும் ஒரு கீற்றுப் பச்சை மினுங்கியது. கோணியைச் சுற்றி, கோழிகள் கிளறிய குடல் எச்சங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை, "சந்தையில நாட்டு வாத்து கெடச்சிது" என்று சொல்லிக் குமரேசன்தான் கறி கொண்டுவந்தான். பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்கும் மகளுக்கும் பரிமாறினான். எலும்பைச் சூப்பச் சொல்லி மகளுக்கு ஊட்டினான். "எனக்கு வயிறு சரியில்ல, நீங்க துன்னுங்க."

கோணியை அவன் முன்னால் போட்டாள். "இது ஏரி வாத்துதானே?"

அவன் வண்டியைத் துடைப்பதை நிறுத்தினான். "கையாலயே புடிச்சேன் மணி. பறக்கல. கழுத்து திருகிக்கினு, தண்ணியில ஒரே எடத்துல சுத்திக்கினு இருந்திச்சிங்க. டவுன்ல ஓட்டலுக்குக் குடுத்தேன். யாருக்கும் ஒண்ணும் ஆவாதுன்னுதான்..."

"அப்ப நீங்க ஏன் துன்னல?"

அவன் துணியை உதறி மடித்தான். பத்து வருஷம் கூட வாழ்ந்த முகம். அதில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை.

அப்போது ரோட்டில் ஒலிபெருக்கி கேட்டது. "ஏரிக்கு வந்த பறவைகளிடம் பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டுள்ளது... செத்த பறவைகளைத் தொட வேண்டாம்... காய்ச்சல் இருப்பவர்கள் உடனே தெரிவிக்கவும்..."

மணிமொழி உள்ளே ஓடி மகளைத் தூக்கினாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. நெஞ்சுக்குள் கரகரவென்று சத்தம். "வா கண்ணு, அவங்ககிட்ட சொல்லிடலாம்."

வாசற்கதவு மூடியது.

வெளித் தாழ்ப்பாள்.

பின்கதவுக்கு ஓடினாள். அவள் மகளைத் தூக்கிக்கொண்டிருந்தபோதே அதையும் வெளியே பூட்டியிருந்தான்.

"ஓட்டல்ல எத்தன பேரு துன்னாங்கன்னு எனக்கே தெரியாது," என்றான் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. குரல் கெஞ்சியது. "வெளியில தெரிஞ்சா என்னை சும்மா வுடமாட்டாங்க மணி."

கத்தினாள். மத்தியானத்திலிருந்து கரித்துக்கொண்டிருந்த தொண்டை. அடுப்புப் புகை என்று நினைத்திருந்தாள். இப்போது அதிலிருந்து காற்று மட்டும்தான் வந்தது.

ஜன்னல். வாசலில் ஒலிபெருக்கி கட்டிய ஜீப் நின்றிருந்தது. தலையோடு கால் வெள்ளை உடுப்பு மாட்டிய இரண்டு பேர். குமரேசன் மூக்கை மறைத்துத் துண்டு கட்டியிருந்தான்.

"வீட்ல யாருக்காவது காய்ச்சல் இருக்கா?"

"யாரும் இல்லீங்க. சம்சாரமும் கொழந்தையும் அவங்கம்மா ஊட்டுக்குப் போயிருக்காங்க."

கம்பியில் வளையலை அடித்தாள். ஒலிபெருக்கி அதை விழுங்கியது. சொம்பால் அடித்தாள். ஒருவர் லேசாகத் தலை திருப்பினார். குமரேசன் கையை நீட்டி ஏரியைக் காட்டினான். அவர் அந்தப் பக்கம் பார்த்தார்.

ஜீப் கிளம்பியது.

அவன் ஜன்னலுக்கு வந்தான். துண்டுக்கு மேலே கண் மட்டும். ஈரமாக இருந்தது. ஜன்னலின் வெளிக்கதவுகளைச் சாத்தினான். வெளிச்சம் கோடாகி, அறுந்தது.

இருட்டு. தோளில் மகளின் கொதிக்கும் கன்னம்.

வெளியே அவன் அழத் தொடங்கினான். முதலில் மகள் பேரைச் சொல்லி. அப்புறம் அவள் பேரை. செத்தவர்களுக்கு அழுகிற ராகத்தில், நிதானமாக, இழுத்து இழுத்து.

உள்ளே இரண்டு பேருக்கும் இன்னும் மூச்சு இருந்தது.