பளபளத்த துண்டு

உலைக்காரர் சிறையில் இறந்த பத்தொன்பதாம் நாள், அவருடைய தங்கை உலோகச் சோதனைக் கூடத்துக்கு வந்தாள்.

"கிரேன் கம்பி முறிஞ்சு ஒருத்தர் செத்தாரு. எங்கண்ணன் அந்தக் கம்பியை உலையில வெக்க மறந்துட்டாருன்னு நீங்கதான் எழுதிக் குடுத்தீங்க. மறக்கலன்னு அடிச்சுச் சொன்னவரு, உங்க காகிதத்தைப் படிச்சதும், 'மெஷினே சொல்லுது, மறந்துதான் இருப்பேன்'னுட்டாரு. அப்புறம் சோறே எறங்கல. மேடம், அவரு மறந்தாரா, இல்லையா? எனக்கு அது மட்டும் தெரியணும்."

ஆய்வாளர் பழைய எக்ஸ்-ரே படத்தை விளக்குப் பெட்டிமேல் வைத்தார். சூடாக்காமல் இழுத்து நீட்டிய கம்பிக்குள் படிகங்கள் நசுங்கிக் கிடக்கும்; அது எளிதில் முறியும். படத்தில் கோடுகள் தடித்துக் கலங்கும். உலையில் வைத்தால் படிகங்கள் புதிதாக உருவாகி, கோடுகள் கூர்மையாகும். இந்தப் படத்தில் எல்லாமே தடித்த கோடுகள்.

"சந்தேகமே வேண்டாம் மேடம்," என்று உதவியாளன் முந்திக்கொண்டான். "முறிஞ்ச கம்பியிலேர்ந்து துண்டை நானே அறுத்து, அரம் போட்டு, முகம் பாக்குற அளவுக்குத் தேய்ச்சு வெச்சேன்."

ஆய்வாளர் அந்தத் துண்டை எடுத்து விளக்கடியில் திருப்பினார். வெகுநேரம் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"அமிலத்துல எவ்வளவு நேரம் போட்டே?"

"வழக்கம்போலத்தான்…"

"போட்டிருந்தா மங்கியிருக்கும்பா. இது இன்னும் மின்னுது."

அவன் பழைய பதிவேட்டைப் புரட்டினான். சோதனை நடந்த அன்று ஒரே நாளில் ஒன்பது துண்டுகள் வந்திருந்தன.

ஆய்வாளர் தாமே துண்டை அமிலத்தில் இட்டு, மேற்பரப்பை முடியளவு கரைத்து, மறுபடியும் படம் எடுத்தார். மாலையில் இருவரையும் அழைத்துப் புதிய படத்தைப் பழையதன் பக்கத்தில் வைத்தார். ஊசியால் கீறியது போல மெல்லிய கோடுகள்.

"இந்தக் கதிர் உலோகத்தோட தோலை மட்டும்தான் பாக்கும். அரம் உரசினா அந்தத் தோலும் நசுங்கும். அதைக் கரைச்சு எடுத்துட்டுத்தான் படம் புடிக்கணும். நாங்க புடிச்சது அரத்தோட வேலையை. உங்கண்ணன் கம்பியை உலையில வெச்சிருக்காரும்மா. ஏன் முறிஞ்சதுன்னு இனிமேதான் தேடணும். மறந்தது நாங்க. சரிபாக்காம கையெழுத்துப் போட்டது நான்."

உதவியாளன் சுவரோடு சாய்ந்தான். தங்கை திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் அவன் பக்கமே திரும்பவில்லை.

புதிய படத்தை ஓரத்தில் பிடித்து எடுத்து, வெளிச்சத்துக்கு எதிரே உயர்த்திப் பார்த்தாள்.

"தான் மறக்கலன்னு நம்பாம போனது அவரு ஒருத்தர்தான்," என்றாள். "இதை நான் யாருகிட்ட கொண்டுபோய்க் காட்டுறது மேடம்?"