பச்சைக் கல்லுக்கு எது மேல்பக்கம்?

சிறுமி கடுகுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வராதா பின்னே? செய்யாத தப்புக்குத் திட்டு வாங்கினால் யாருக்குத்தான் வராது!

அவள் அம்மா கல் ஆராய்ச்சியாளர். பூமியைத் துளைத்து எடுத்த ஏழு பச்சைக் கல் உருளைகளைத் தன் அலுவலக அறையில் ஒரு பெட்டியில் வரிசையாக வைத்திருந்தார். எந்தக் கல் எந்த ஆழத்தில் கிடைத்தது என்று ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் எழுதியிருந்தார். இப்போது எண்களைக் காணோம். கற்கள் ஈரமாகத் தரையில் உருண்டு கிடந்தன.

"உன்னைத் தவிர இதை யாரு தொடுவா?" என்று அம்மா கத்தினார். அலுவலகமே எட்டிப் பார்த்தது. நாலு மணிக்கு மேலதிகாரி வருகிறார். வரிசை தெரியாவிட்டால் இரண்டு மாத உழைப்பு பாழ், திரும்பத் துளைக்க வேண்டும் என்று சொல்லி, அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

மூலையில் அண்ணன் திருதிருவென்று விழித்தான். முதுகுக்குப் பின்னால் ஈரத்துணி. உதவி செய்கிறேன் பேர்வழி என்று கற்களைக் கழுவிய மகராசன் அவன்தான்! காட்டிக் கொடுக்கலாம். ஆனால் அதனால் கல் வரிசைக்கு வந்துவிடுமா? கடுகு பல்லைக் கடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

உடைந்த முனைகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தாள். அரை மணியில் ஏழும் ஒரே நீண்ட உருளையாகச் சேர்ந்தன. சரி, இதில் எந்த முனை மேலே, எந்த முனை கீழே?

இந்தக் கல் முதலில் பச்சையே இல்லை என்று அம்மா ஒருமுறை சொல்லியிருந்தார். தண்ணீர் இறங்கி இறங்கித்தான் அது மாறியதாம். அப்போது கல்லுக்குள் இருந்த இரும்பு, காந்தம் இழுக்கும் பொடிப்பொடித் துகள்களாக ஆனதாம்.

அறிவிப்புப் பலகையில் இருந்த காந்தத்தைப் பிடுங்கி வந்து வைத்துப் பார்த்தாள். ஒரு முனையில் பச்சக்கென்று ஒட்டியது. மறு முனையில் வழுக்கி விழுந்தது.

"அம்மா, தண்ணி மேலேருந்துதானே இறங்கியிருக்கும்? அப்போ காந்தம் ஒட்டுற பக்கம்தான் மேல்பக்கம்."

அம்மா லென்ஸை எடுத்து ஒவ்வொரு கல்லாகப் பார்த்தார். கீழ் முனையில் மாறாத பழைய கல் இன்னும் கருகருவென்று இருந்தது. அம்மாவுக்கு மூச்சு வந்தது. நீளத்தை அளந்து மறுபடி எண் போட்டார், இந்தத் தடவை பெயின்ட்டால்.

அண்ணன் மெல்ல வந்து உண்மையைச் சொன்னான். அம்மா கடுகின் காதருகே குனிந்து, "மன்னிச்சுக்கோடா கண்ணு" என்றார்.

கடுகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "திட்டும்போது எல்லார் முன்னாடியும்தானே திட்டின?"

அம்மா கதவை அகலத் திறந்து, அலுவலகம் முழுக்கக் கேட்கும்படி உரக்கச் சொன்னார்: "என் பொண்ணு மேல தப்பில்ல. நான்தான் விசாரிக்காம திட்டிட்டேன்."