ஒரே ஆள் நடத்திய சந்தை

காலை எட்டு மணிக்கு நாச்சிமுத்து இரண்டு போன்களையும் எடுத்து வைத்துக்கொண்டு தன்னோடு தானே சண்டை போடத் தொடங்கினார்.

"நூலைக் கிலோ முந்நூறுக்குக் குடுத்தா நான் காசிக்குத்தான் போகோணுமுங்க."

"போங்க, யாரு வேண்டாங்கறா? அதுக்கு மேல ஒரு பைசா இல்லீங்க."

இரண்டும் அவர் குரல்தான். வாங்குகிறவருக்கு மட்டும் கொஞ்சம் மூக்கடைப்பைச் சேர்த்திருந்தார். வெளியே ஆளில்லா லாரிகள் காலிப் பெட்டிகளோடு சுற்றின. எதையும் தயாரிக்காத ஆலைகள் புகை விட்டன. மூன்று வருடமாக இந்த நிழல்நகரத்தின் மொத்த மக்கள்தொகை அவர் ஒருவர்தான்.

போரில் எதிரியின் வானக்கண் என்ற செயற்கைக்கோள், மேலிருந்து பார்த்தும் போன்களை ஒட்டுக்கேட்டும் நகரங்களுக்கு விலை போடும். எது அதிகம் பெறுமோ அதற்குத்தான் ஏவுகணை; அதைத் தன் பக்கம் இழுக்கத்தான் இந்தப் பொய் நகரம். லாரி, புகையெல்லாம் இயந்திரமே காட்டிவிடும். பேரம் மட்டும் அதற்கு வரவில்லை; இரண்டே வாக்கியத்தில் சமாதானமாகிவிடுகிறது. அதனால் ஒரு பழைய நூல் தரகர் தேவைப்பட்டார். அறுபது மைல் தள்ளி, தறிப்பாளையம் செத்த ஊர்போல நடித்துக்கொண்டு நாட்டுக்கே துணி நெய்தது. அங்கேதான் அவர் மகள் தாரணிக்கு வேலை. அவளோடு போனில் பேசத் தடை.

பத்து மணிக்கு, வானக்கண் போடும் விலைகளைக் காட்டும் விலைமானி அலறியது. தறிப்பாளையத்தின் எண் நிழல்நகரத்தைத் தாண்டி எகிறியிருந்தது. பதறிப்போய்த் தலைமையகத்தைக் கூப்பிட்டார். அதிகாரி சந்திரமௌலியின் குரலிலேயே பன்னீர் மணந்தது.

"தறிப்பாளையத்துக்கு மிகச் சிறந்த ரகசிய நகரம்னு விருது. அமைச்சரே வந்திருக்கார். இருநூறு கார், செண்டை மேளம்."

"ரகசியத்துக்கு மேளமுங்களா?"

"மேளம் இல்லாம விருது எப்படிய்யா குடுக்கறது?"

"நிறுத்துங்க சார். எம் புள்ள அங்க இருக்கறா."

"அமைச்சர் இப்பத்தான் வரவேற்புரையே கேட்டுட்டிருக்கார்." போன் வைக்கப்பட்டது.

நாச்சிமுத்து எல்லா லாரிகளையும் ஓடவிட்டார், எல்லா ஆலைகளையும் புகையவிட்டார், தொண்டை கிழியப் பேரம் பேசினார். நிழல்நகரம் மெல்ல முந்தியது. திரையில் எழுத்து வந்தது: ஏவுகணை புறப்பட்டது, இங்கேதான் வருகிறது, பதினொரு நிமிடம்.

வழக்கமாக இந்நேரம் எதிரேயுள்ள பதுங்குகுழிக்கு ஓடியிருப்பார். இன்று மூச்சு வாங்கப் பேரத்தை நிறுத்தியதுமே நிழல்நகரத்தின் எண் சரிந்தது. நடுவழியிலும் விலை கூடிய ஊர்ப்பக்கம் திரும்பத் தெரிந்த ஏவுகணை அது. அவர் உட்கார்ந்துகொண்டார்.

முந்நூற்றுப் பத்துக்கு வியாபாரம் படிந்துவிட்டது. இன்னும் நான்கு நிமிடம் மிச்சம். பேச விலை இல்லை.

"வீட்ல எல்லாரும் சௌக்கியமுங்களா?" என்றது மூக்கடைத்த குரல்.

மூன்று வருடத்தில் யாரும் அவரை அப்படிக் கேட்டதில்லை. மற்ற போனை எடுத்தார்.

"ஒரே பொண்ணுங்க. நல்லா இருப்பாளுங்க."