பூஜ்யம் பாளை

காலைச் செய்தியில் வெயில், மழை, காற்று எல்லாம் சொல்லி முடித்த பிறகு, நேற்றைய வான்பயணங்களில் நாட்டின் சராசரி இரண்டு பாளை என்றார்கள். பல் துலக்கிக்கொண்டிருந்த அக்ஸா கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். இருபது வருடங்களாகக் கேட்கிறாள். இன்னமும் அந்தச் சொல் வரும்போது அவள் முதுகு தானாக நிமிர்கிறது. இன்று நிமிர்ந்தபோது இடுப்புக்கு மேலே ஏதோ சுளீரென்று இழுத்தது. அதை அவள் கண்டுகொள்ளவில்லை.

பாளை என்பது உடல் படும் அவதிக்கான அளவு. சட்டைக் காலரின் பின்னால் லேபிள் குத்திக்கொண்டே இருந்தால் ஒரு பாளை. ஐந்து பாளை என்றால் எழுந்து நின்றே தீரவேண்டும். தில்லியில் அலுவலகம் போகிறவர்களும் குவாஹாட்டி மாணவர்களும் அன்றாடம் சொல்லும் சொல்தான். அது ஓர் ஊரின் பெயர் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. பாளையங்கோட்டையில் ஒரு மகளிர் விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில், உட்காருபவருக்கு ஏற்ப நகரும் முதல் இசைவிருக்கைகளில் பன்னிரண்டு மாணவிகளை மாலைதோறும் உட்கார வைத்து, அவர்களுடைய உடல்களிலிருந்துதான் அந்த அளவுகோலை வரைந்தார்கள். அவர்களுக்கு மூல அமர்வாளர்கள் என்று பெயர். அக்ஸா அந்தப் பன்னிருவரில் ஒருத்தி.

எண்ணெய் எரிக்கும் விமானங்களை நிறுத்திய பிறகு வந்த ஹைட்ரஜன் விமானங்கள் மெதுவானவை. தூத்துக்குடியில் விடிகாலை ஏறினால் திப்ருகரில் பொழுது சாயும்போதுதான் இறங்கலாம். அதனால் எல்லோரும் விமானத்தைவிட இருக்கையைத்தான் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். எகானமி வகுப்பில் இரண்டே வழிகள் இருந்தன. நேர்கோடு நிறுவனத்தில் பழைய வகை இருக்கை. வரிசையில் மூன்று பேருக்கும் ஒரே அகலம், நகராத தடுப்பு. அதற்குப் 'பலகை' என்று பட்டப்பெயர். மேகமாலை நிறுவனத்தில் இசைவிருக்கை. வரிசையின் மொத்த அகலம் மாறாது. ஆனால் தடுப்புகள் நகரும். மூச்சு, வியர்வை, தசையின் இறுக்கம் எல்லாவற்றையும் இருக்கை படித்து, வசதியா என்று இடையிடையே கேட்டு, யாருக்கு அவதி அதிகமோ அவர் பக்கம் இடத்தைத் தள்ளிக்கொடுக்கும். அவதி குறைந்தவரிடமிருந்து எடுத்துத்தான் கொடுக்கும்.

அக்ஸா வேலை பார்க்கும் பாலப் பணி நிறுவனத்தில் ஒரு விதி உண்டு. கையெழுத்திடும் அதிகாரம் உள்ள இருவர் ஒரே விமானத்தில் போகக்கூடாது. அதனால் புதிய பாலத்தைப் பார்க்கத் திப்ருகர் போகும் இந்தப் பயணத்தில் அக்ஸா ஒன்றிலும் அவளுக்கு அடுத்த நிலையில் இருந்த நித்திலா மற்றொன்றிலும் போகவேண்டும். யாருக்கு எது என்பதை அவர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

பலகைதான் தேவலை, அதை அக்ஸாவே எடுத்துக்கொள்ளட்டும் என்றாள் நித்திலா. போன மாதம் மேகமாலையில் நடு இருக்கையில் போய் வந்த கதையை அவள் ஏற்கெனவே கேன்டீன் முழுக்கச் சொல்லியிருந்தாள்.

"ரெண்டு பக்கமும் பெருசாகிட்டே போச்சுக்கா. இறங்கும்போது நான் கவர்ல போட்ட லெட்டர் மாதிரி இருந்தேன்."

"அப்போ அந்த வரிசையில உனக்குத்தான் அவதி கம்மின்னு அர்த்தம்" என்றாள் அக்ஸா.

"எனக்கு வலிச்சுதா இல்லையான்னு எனக்குத் தெரியாதா?"

"இருக்கை உன்னைக் கேட்டிருக்குமே."

"கேட்டுச்சு. பரவாயில்லைன்னு சொல்லிட்டேன். வேற என்னத்தச் சொல்ல?"

அக்ஸா சிரித்தாள். ஆனாலும் அந்தப் பேச்சு அவளுக்கு லேசாகக் குத்தியது. சொந்த வீட்டுச் சமையலை யாரோ குறை சொன்னது போல.

யாரிடமும் சொல்லாத விஷயம் ஒன்று அவளிடம் இருந்தது. முதுகெலும்பின் வட்டு ஒன்று பிதுங்கியிருக்கிறது, நெரிசலில் நெடுநேரம் உட்காராதீர்கள் என்று வழக்கமான உடல்பரிசோதனையில் மருத்துவர் சொல்லியிருந்தார். திபாங் ஆற்றின் மேல் எழுந்திருக்கும் புதிய பாலத்தின் தொங்குவடங்கள் அவளுடைய வடிவமைப்பு. எட்டு வருட வேலை. இறங்கிய மறுநாள் காலை கோபுரத்தின் உச்சிவரை ஏணியில் ஏறி, வடங்களின் இழுவையைக் கையால் தொட்டுப் பார்த்தவர்தான் கையெழுத்திட வேண்டும். ஏற முடியாவிட்டால் நித்திலா ஏறுவாள், அவள் பெயர் இருக்கும். நித்திலா நல்லவள், திறமையானவள். இருந்தாலும் அந்தப் பெயர் தன்னுடையதாக இருக்கவேண்டும் என்று அக்ஸா மிகவும் விரும்பினாள். அவ்வளவு விரும்புவது சரியா என்று தன்னையே சிலமுறை கேட்டுக்கொண்டாள். சரிதான் என்றே பதில் வந்தது.

முதுகை நினைத்தால் பலகைதான் நல்லது. ஆனால் மூல அமர்வாளர் ஒருத்தி பலகையில் போவதா? அவள் மேகமாலையில் பதிவு செய்தாள்.

விமானத்தில் ஏறும்போது பணிப்பெண் திரையைப் பார்த்தாள். அக்ஸாவின் பெயருக்குப் பக்கத்தில் மூல அமர்வாளர் என்பதற்கான நட்சத்திரத்தைக் கண்டதும் கைகூப்பினாள். நாங்கள் பயிற்சியில் உங்கள் பன்னிரண்டு பேரைப் பற்றிப் படித்திருக்கிறோம் என்றாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அக்ஸாவுக்குக் காது சூடானது. பிடித்திருந்தது.

இடம் நடுவில். ஜன்னலோரம் தேயிலை இயந்திரங்கள் விற்கப் போகும் ஒல்லியான இளைஞன். நடைபாதைப் பக்கம் அறுபதை நெருங்கும் ஓர் அம்மாள். சாத்தான்குளத்தில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவராம். மகள் வீட்டுக்குப் போகிறாராம். அதற்கு மேல் அவர் பேசவில்லை. கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

இளைஞன் மேகத்துக்கு மேலே போகும் முன்பே பெருமூச்சு விட ஆரம்பித்தான். காலை ஆட்டினான். கழுத்தைச் சொடுக்கினான். ஒவ்வொரு பெருமூச்சுக்கும் தடுப்பு அக்ஸாவின் பக்கம் ஒரு நூல் நகர்ந்தது. அவள் தோளைக் குறுக்கிக்கொண்டாள். எதிரே இருந்த சிறு திரையில் அவளுடைய அளவு 0 என்று பச்சையில் ஒளிர்ந்தது.

"அக்கா, நீங்க கொஞ்சங்கூட அசையவே இல்ல. பூஜ்யமா! எப்படிக்கா?" என்றான் இளைஞன். அவனுடையது மூன்று.

"பழக்கம்தான் தம்பி" என்றாள் அக்ஸா.

சின்ன வயதில் உறவினர் வீடுகளில் அம்மா அவளைக் காட்டிச் சொல்வது நினைவுக்கு வந்தது. இவ ஒண்ணும் கேக்கமாட்டா, இருக்க இடமே தெரியாது. அந்த வார்த்தைகளைக் கேட்டால் அவளுக்கு வயிறு நிறைந்துவிடும். பிறகு தட்டில் எதை வைத்தாலும் சரி.

மதியம் ஆனபோது இடது காலில் வலி கயிறு போல இறங்கியது. பாதம் மரத்தது. செவியருகே இருக்கையின் மென்குரல் கேட்டது, வசதியாக இருக்கிறீர்களா என்று. "பரவாயில்லை" என்று அவள் வாய் சொன்னது. தடுப்பு இன்னும் ஒரு விரற்கடை உள்ளே வந்தது.

திரும்ப முடியாமல் அவள் கண்களை மட்டும் திருப்பினாள். தலைமையாசிரியை அம்மாள் உட்கார்ந்திருந்த விதம் தெரிந்தது. முழங்கால்கள் ஒட்டியிருந்தன. தோள்கள் உள்ளே இழுத்திருந்தன. மூச்சு மேலோட்டமாக, சின்னச் சின்னதாக. உதட்டில் யாருக்கும் உரியதல்லாத ஒரு புன்னகை. அவர் திரையிலும் பச்சைப் பூஜ்யம். அக்ஸா தன் திரையின் கறுத்த ஓரத்தில் பிரதிபலித்த தன் முகத்தைப் பார்த்தாள். அதிலும் அதே புன்னகை இருந்தது.

விடுதியின் சாப்பாட்டுக் கூடம் அப்படியே எழுந்து வந்தது. நெருக்கமாகப் போட்ட பன்னிரண்டு இருக்கைகள், ரசத்தின் வாசனை. ஆய்வுக்காரர் ஒவ்வொருத்தியாகக் கேட்டுக்கொண்டு வருவார், கஷ்டமா இருக்கா என்று. முதல் பெண் பரவாயில்லை என்பாள். அதன் பிறகு இரண்டாமவள் எப்படி வலிக்கிறது என்பாள்? எல்லோரும் ஓரக்கண்ணால் ஒருத்தியை ஒருத்தி பார்ப்பார்கள். முடிந்து எழும்போது தொடை மரத்துப்போய் அக்ஸா கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பிடித்துக்கொண்டே சிரிப்பாள். அந்த ஒட்டிய முழங்கால்களையும் அடக்கிய மூச்சையும் இயந்திரம் ஒன்றுவிடாமல் குறித்துக்கொண்டது. அதற்கு வலி தெரியாமல் இல்லை. அந்த வலியின் பெயர் வசதி என்று பன்னிரண்டு பேர் அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

நாட்டின் சராசரி இரண்டு பாளை. அந்த இரண்டுக்குக் கீழே எத்தனை பேர் இப்படிப் புன்னகைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்?

பாதத்தை அசைக்க முயன்றாள். அசைந்ததா என்றே தெரியவில்லை. கோபுரத்தின் ஏணி கண்முன் வந்தது. ஒவ்வொரு படிக்கும் இந்தப் பாதம் வேண்டும். இப்போது இருக்கையை அழைத்து ஒரு சொல் சொன்னால் போதும். மூல அமர்வாளர் திருத்தினால் அந்த விமானத்தின் அளவுகோல் உடனே மாறும், தலைமையகம் அப்புறம் சரிபார்க்கும். இந்த உரிமையை, பன்னிருவரையும் பாராட்டித் தந்த கேடயத்தோடு சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். யாரும் இதுவரை பயன்படுத்தியதில்லை. அதைக்கூட அவள் பெருமையாகவே சொல்லிவந்திருக்கிறாள்.

அந்தச் சொல் எது என்று அவளுக்குத் தெரியும். வாழ்நாளில் ஒருவரிடமும் சொல்லாத சொல். பல் பிடுங்கியபோது சொன்னதில்லை, பிரசவத்தில் சொன்னதில்லை. அதைச் சொல்லாமல் இருப்பதுதான் தான் என்று அவள் நினைத்திருந்தாள். அதை எடுத்துவிட்டால் உள்ளே என்ன மிஞ்சும் என்று பார்த்தாள். எட்டு வருட வடங்கள் மிஞ்சின. அவை ஒவ்வொன்றிலும் எவ்வளவு பாரம் இருக்கிறது என்பதை ஒளிக்காமல் காட்டும் முள் ஒன்றை அவளே வைத்திருந்தாள். பாரத்தை மறைக்கும் வடம் அறுந்துபோகும் என்று இளம் பொறியாளர்களிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

"வலிக்குது" என்றாள்.

குரல் வெளியே வந்ததா என்று சந்தேகமாக இருந்தது. மறுபடி சொன்னாள். "ரொம்ப நேரமா வலிக்குது."

 மூல அமர்வாளரின் திருத்தம் எல்லா வரிசைகளுக்கும் பொருந்தும், ஏற்கலாமா என்று இருக்கை கேட்டது. ஏற்கச் சொன்னாள்.

முதலில் அவளுடைய தடுப்பு விலகியது. பிறகு தலைமையாசிரியையின் தடுப்பு. பிறகு முன்வரிசையில், பின்வரிசையில், விமானம் நெடுக நாற்காலி இழுப்பது போன்ற ஓசை ஓடியது. தூங்கியவர்கள் விழித்தார்கள். பச்சைப் பூஜ்யங்கள் ஒவ்வொன்றாக இரண்டாகவும் மூன்றாகவும் சிவந்தன.

"என்னக்கா இது, என் பக்கம் சின்னதாயிடுச்சு" என்றான் இளைஞன்.

தலைமையாசிரியை அம்மாள் முதன்முறையாக முழுமூச்சு விட்டார். "சின்னதாகல தம்பி. உன் பக்கம் இப்பதான் உன் பக்கத்துக்கு வந்திருக்கு."

ஓசை அடங்கியதும் அக்ஸா தன் இருக்கையைச் சாணால் அளந்தாள். அவருடைய அனுமதியோடு அந்த அம்மாளின் இருக்கையையும் அளந்தாள். இளைஞன் முணுமுணுத்துக்கொண்டே தன்னுடையதையும் காட்டினான். மூன்றும் ஒரே அளவு. முன்வரிசையிலும் தடுப்புகள் கோடு போட்டது போல் நேராக நின்றன. அவளுக்கு மெல்லப் புரிந்தது. வரிசையின் அகலம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இத்தனை வருடங்களாக இந்தக் கண்டுபிடிப்பு யாருக்கும் புதிதாக இடம் உண்டாக்கவே இல்லை. எல்லோருடைய வலியும் கணக்கில் வந்ததும் இசைவிருக்கை பலகை ஆகிவிட்டது. விலை மட்டும் ஒன்றரை மடங்கு.

திப்ருகரில் நித்திலா முன்பே இறங்கிக் காத்திருந்தாள். எப்படி இருந்தது என்று கேட்டாள்.

"உன்னோடது மாதிரியேதான்" என்றாள் அக்ஸா. பிறகு, இப்போதுதான் சொல்லப் பழகிய வாய் மூடிக்கொள்வதற்குள், இன்னொன்றையும் சொன்னாள். "நித்திலா, என் முதுகு சரியில்ல. நாளைக்கு மெதுவாத்தான் ஏறுவேன். நீ கீழ்ப் படியில வரணும்."

 நித்திலா அவள் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

தங்கும் அறைக்குப் போய்ச் சேர்ந்ததும் மேகமாலையிலிருந்து செய்தி வந்தது. மிகவும் மரியாதையான செய்தி. தங்கள் திருத்தம் வயது காரணமாக நேர்ந்த தனி விலகலாகக் கருதப்பட்டு நீக்கப்படுகிறது. நாளை முதல் விமானங்கள் பழைய அளவில் பறக்கும். அளவுகோல் நிரந்தரமாக மாற மூல அமர்வாளர்கள் எழுவராவது ஒத்த திருத்தம் தரவேண்டும்.

"ஏழு பேர் சொல்லிட்டா அப்புறம் மேகமாலைக்கும் நேர்கோட்டுக்கும் என்னக்கா வித்தியாசம்?" என்று அதைப் படித்துவிட்டுக் கேட்டாள் நித்திலா.

"பணிப்பெண் சேலை கலர்" என்றாள் அக்ஸா.

பாளையங்கோட்டை விடுதித் தோழிகளின் குழு அவள் கைப்பேசியில் இன்னும் இருந்தது. பிறந்தநாளுக்கும் பண்டிகைக்கும் மட்டும் அதற்கு உயிர் வரும். அதில் அவள் குரலைப் பதிந்து அனுப்பினாள். "ஏட்டி, ஒண்ணு கேக்கேன், மெய்யாச் சொல்லுங்க. அந்தச் சீட்டுல உக்காரும்போது உங்களுக்கு வலிக்குமா?"

பதில்கள் உடனே வந்தன. பரவாயில்லடி. ஒண்ணும் இல்லையே. பழகிப்போச்சு. நல்லாத்தான இருக்கு, ஏன்? கெசியா மட்டும் பதில் எழுதவில்லை. அந்த நாட்களில் எப்போதும் அக்ஸாவுக்கு அடுத்த இருக்கையில் உட்கார்ந்தவள் அவள்.

மறுநாள் காலை அக்ஸா கோபுரத்தில் ஏறினாள். நின்று நின்று ஏறினாள். வலித்தபோதெல்லாம் "நில்லு, வலிக்குது" என்று கீழே குரல் கொடுத்தாள். நித்திலா ஒவ்வொரு முறையும் நின்றாள். உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. வடம் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து, முள் காட்டியதைச் சரிபார்த்து, தன் பெயரை எழுதினாள். கீழே ஆறு பல கிளைகளாகப் பிரிந்து வெளிச்சமாகக் கிடந்தது. இவ்வளவு பெருமிதத்தை அவள் எந்தக் கேடயத்தின் முன்னும் உணர்ந்ததில்லை.

கைப்பேசி அதிர்ந்தது. கெசியாவின் குரல், தூக்கம் இல்லாத குரல்.

"அன்னைக்கே வலிச்சுதுடி. நீ முதல்ல சொல்லுவ, சொல்லுவன்னு உன் முகத்தையே பாத்துட்டு இருந்தேன்."

அதற்குக் கீழே, பலர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று திரை காட்டியது.