பனிப் படமும் பல்வலியும்

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. காலை மடக்கி உட்கார்ந்தால் இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கும். ஒரு பனிப் படம் செய்த கலாட்டாவைச் சொல்கிறேன்.

குருவி என்று ஒரு சிறுமி. ஓரிடத்தில் நிற்க மாட்டாள் என்பதால் அந்தப் பட்டப்பெயர். அவள் அப்பா படங்களுக்குச் சட்டம் போடுபவர். அத்தை படம் வரைபவர். அத்தை வரைந்தவற்றில் முதன்முதலாக விலைபோனது ஒரு பனிக்காலப் படம். வாங்கியவர் பல் டாக்டரம்மா. அப்பாதான் சட்டம் போட்டு, நோயாளிகள் காத்திருக்கும் அறையில் மாட்டிவிட்டு வந்தார்.

கொஞ்ச நாளில் டாக்டரம்மாவிடமிருந்து அப்பாவுக்குப் போன் வந்தது.

"அண்ணே, படத்தைக் கழட்டிட்டுப் போயிடுங்க. பல்வலியோட வர்றவங்க அதைப் பார்த்து மனசுவலியும் சேர்த்து வாங்கிக்கிறாங்க."

விஷயம் கேட்டதும் அத்தை தூரிகைகளைக் கழுவித் துணியில் சுற்றினார். பரண்மேல் போட ஏணியைத் தேடினார்.

"என்ன அத்தை பண்றீங்க?"

"படம் திரும்பி வந்துட்டா இனிமே தூரிகையைத் தொட மாட்டேன்டி. ஊரை அழவைக்கவா வரைஞ்சேன்?"

குருவி அப்பாவுடன் டாக்டரம்மாவிடம் ஓடினாள்.

அங்கே கன்னம் வீங்கிய ஒரு குட்டிப்பையன் அம்மா மடியில் உட்கார்ந்திருந்தான்.

"வாயைத் திறடா தங்கம், டாக்டர் பார்க்கட்டும்."

"மாட்டேன். அந்த வீட்ல இருந்தவங்க எங்க போனாங்க?"

"அது படம்டா."

"எங்க போனாங்க?"

குருவியும் பார்த்தாள். எங்கும் வெள்ளை. ஒரு மொட்டை மரம். ஒரு சின்ன வீடு. அதன் வாசலில் கிளம்பிய காலடித் தடங்கள் பனியில் பதிந்து பதிந்து, வலது ஓரம் வரை போயிருந்தன. அதற்கப்புறம் யாரும் இல்லை. அவள் கண் அந்த ஓரத்திலேயே நின்றது.

அப்பா படத்தைக் கழற்றக் கை வைத்தார்.

"இருங்கப்பா. படத்தைச் சுத்தி வெள்ளை அட்டை வெச்சிருக்கீங்களே, அதுக்கு அடியிலயும் படம் இருக்கா?"

"இருக்கும், ரெண்டு விரல் அகலம். எல்லாத்துக்கும் அப்படித்தான் வெட்டுவேன்."

"அங்க என்ன வரைஞ்சிருக்கு?"

"யாருக்குத் தெரியும்? நான் அளவைப் பார்ப்பேனா, படத்தைப் பார்ப்பேனா?"

"பிரிச்சுப் பாருங்கப்பா!"

அப்பா முணுமுணுத்துக்கொண்டே பின்பக்க ஆணிகளைப் பிடுங்கி, அட்டையைத் தூக்கினார். வலது ஓரத்தில் கட்டைவிரல் உயரத்துக்கு ஓர் ஆள்! தோளில் விறகுக்கட்டுடன், வீட்டைப் பார்த்து நடந்துவந்துகொண்டிருந்தார்.

"அட பாவமே! தங்கச்சி வரைஞ்ச ஆளை நானே அட்டைக்கடியில புதைச்சுட்டேனே!"

"அத்தை வந்து பார்த்திருந்தா சொல்லியிருப்பாங்க. அவங்கதான் கூச்சப்பட்டுக்கிட்டு இந்தப் பக்கமே வரலியே."

குட்டிப்பையன் இறங்கிவந்து, படத்தில் மூக்கு இடிக்கிற மாதிரி பார்த்தான்.

"விறகு எடுக்கப் போயிருக்காரு," என்றான். "வந்துட்டாரு."

நேரே டாக்டரம்மாவிடம் போய், 'ஆ' என்று வாயைப் பிளந்தான்.

அப்பா கடைக்குப் போய் வேறு அட்டை வெட்டிவந்து, படம் மறையாமல் பொருத்தினார். ஆனால் மூலையில் தாடையைப் பிடித்துக்கொண்டிருந்த தையல்காரருக்கு முகம் தொங்கிப்போயிற்று.

"எனக்கு ஆளில்லாத பனிதான் பிடிச்சிருந்துச்சு. நாள் முழுக்க மிஷின் சத்தம் கேக்குற காதுக்கு அது ஒரு நிம்மதி. இப்ப இந்த ஆள் குறுக்க வந்துட்டான்."

குருவி யோசித்தாள். "அந்த ஓரத்தை மட்டும் கையால மறைச்சுக்குங்க மாமா."

அவர் ஒரு கண்ணை மூடி, உள்ளங்கையை நீட்டிப் பார்த்தார். "ம்... போயிட்டான்!" வலிக்காத பக்கமாகச் சிரித்தார்.

"படம் இங்கயே இருக்கட்டும் அண்ணே," என்றார் டாக்டரம்மா.

வீட்டில் அத்தை ஏணியில் பாதி ஏறியிருந்தார். குருவி மூச்சிரைக்க நடந்ததைச் சொன்னாள்.

"என்னது, ஆளையே மூடிட்டாரா உங்கப்பா?"

அத்தை சிரித்த சிரிப்பில் ஏணி ஆடியது. படியிலேயே உட்கார்ந்து தூரிகைகளைச் சுற்றிய துணியை அவிழ்த்தார்.

அவ்வளவுதான் கதை, கண்ணுகளா. உங்கள் வீட்டிலிருந்து வெளியே போனவர்கள் எல்லாம் பொழுதோடு வீடு வந்து சேரட்டும். வரும்போது உள்ளே கதகதப்பாக இருக்கட்டும்.